பெரிய விண்கப்பல் மாடல்களுக்கு என்ன ஸ்டாண்டு? கடலோரத்தில் எதுவும் நிற்கவில்லை

தங்கச்சிமடம் ஜெராக்ஸ்

வணக்கம். ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை மாடியில் ஒரு பழைய கதவை இரண்டு முக்காலிமேல் போட்டு, கறுப்புத் துணி விரித்து, அக்கா மகனோடு விண்கப்பல் சண்டை ஆடுவேன். விதிகள் ஃபுல் த்ரஸ்ட் என்ற மேஜை விளையாட்டுடையவை. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், யார் செய்த கப்பலை வைத்தும் ஆடலாம் என்பதால் அதைப் பிடித்துக்கொண்டோம். இன்னொரு காரணமும் உண்டு. அதில் கப்பலுக்கு பிரேக் கிடையாது. போன சுற்றில் 14 வேகம் என்றால் இந்தச் சுற்றிலும் 14தான். எஞ்சினுக்கு எவ்வளவு உந்து இருக்கிறதோ அவ்வளவுதான் கூட்டலாம், குறைக்கலாம், திருப்பலாம். எஞ்சினை அணைத்த பிறகும் கரையைப் பார்த்து வழுக்கி வரும் வள்ளங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

சின்னக் கப்பல்கள் 11 இருக்கின்றன, அவற்றால் தொல்லை இல்லை. தொல்லை நான்கு பெரிய கப்பல்களால்தான். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகளின் பெயரை வைத்திருக்கிறேன். வாடையும் கச்சானும் மதுரையில் ஒரு நண்பரின் 3டி பிரிண்டரில் ரெசினில் எடுத்தவை, உள்ளே வெறும் கூடு. வாடை 46 செ.மீ. நீளம், 620 கிராம். சோழகம் யாரிடமோ கைமாறி வந்த பழைய உலோகக் கப்பல், கையடக்கம்தான், ஆனால் கனம். கொண்டல் துண்டுகளை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கிட்.

இதுவரை நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

முதலில் கிட்டோடு வந்த பிளாஸ்டிக் தண்டு. வாடையை ஏற்றிய இரண்டாம் நாளே முறிந்தது. சரி, இரும்பு போடுவோம் என்று வெல்டிங் ராடில் பூச்சைத் தட்டிவிட்டு அந்தக் கம்பியை வைத்தேன். நின்றது. ஆனால் எங்கள் தீவில் வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். இரண்டே மாதத்தில் கம்பியிலிருந்து துரு இறங்கி, வெள்ளை அடித்திருந்த கப்பல் வயிற்றில் காவி கட்டிவிட்டது. அதைப் பிடுங்கிவிட்டு, சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டு ஒன்று வாங்கி, கப்பலில் காந்தம், கம்பி முனையில் குண்டு என்று சூப்பர் குளூ போட்டு ஒட்டினேன். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்க்கலாம், பார்க்க அழகு. ஒருநாள் மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும் ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, வாடை தலைகுப்புற விழுந்தது. அணியத்தில், அதாவது முன்முனையில், இருந்த ஆன்டெனாக் கொத்து போச்சு. காந்தம் குண்டோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, கப்பலை விட்டுத்தான் கழன்றிருந்தது.

கொண்டல் கதை இன்னும் கேவலம். உள்ளே கொஞ்சம் கனம் ஏற்றினால் ஆடாது என்று, படகுப் பட்டறையில் மிச்சமிருந்த ஃபைபர் ரெசினை ஹார்ட்னர் கலந்து கிட்டின் வயிற்றில் ஊற்றினேன். கால் மணி நேரத்தில் கப்பல் வெயிலில் வைத்த ஐஸ்கிரீம் மாதிரி குழைந்துவிட்டது. மாமா பார்த்துவிட்டு, "திமிங்கலம் கரை ஒதுங்கின மாதிரி கிடக்குதடா" என்றார்.

கேட்க வேண்டியது மூன்று. இந்தக் காற்றுக்கும் உப்புக்கும் தாங்கும் ஸ்டாண்டு எப்படிச் செய்வது? ஃபேன் காற்றில் கப்பல் திரும்பாமல் இருக்க என்ன வழி? (அக்கா மகன், தானாகத் திரும்பிய கப்பலை வைத்தே "இப்ப உன் கப்பல் என் சுடும் கோணத்துல இருக்கு மாமா" என்று பகடையை உருட்டுகிறான்.) மூன்றாவது, ஜூலையில் மதுரையில் நண்பர் வீட்டில் ஆடப் போகிறோம். பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது?

கணபதி லேத்து

கோயமுத்தூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பதிவைப் படித்துச் சிரித்தேன், மன்னிக்கவும். எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல முடியும்.

முதலில் கொண்டல். படகு ரெசின் பாலியெஸ்டர், அதில் ஸ்டைரீன் இருக்கிறது. கிட் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். போதாக்குறைக்கு ரெசின் இறுகும்போது சூடாகும், மொத்தமாக ஊற்றினால் நன்றாகவே சூடாகும். பிளாஸ்டிக் கிட்டுக்குள் எபாக்சியை மட்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

அடுத்தது, வாடை விழுந்தது ஒட்டின் குற்றம் என்று நினைக்கிறீர்கள். அது பாதிதான். சூப்பர் குளூ இழுத்தால் தாங்கும், பக்கவாட்டு அடியும் அதிர்வும் அதற்கு ஆகாது. அதனால் காந்தம் கழன்றது. ஆனால் ஸ்டாண்டு சாய்ந்ததற்குக் காரணம் கணக்கு. அடித்தட்டு எத்தனை அகலம், கப்பல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, தட்டு என்ன எடை? இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

பரமக்குடி பகடை

நான் சொல்வது யாருக்கும் பிடிக்காது. பெரிய கப்பலை அலமாரியில் வைத்து அழகு பாருங்கள். மேஜையில் அட்டையில் வெட்டிய டோக்கன் போதும். விதியைப் பொறுத்தவரை கப்பல் என்பது ஒரு புள்ளியும் ஒரு திசையும்தான். என்னுடைய 60 செ.மீ. கப்பல் மூன்று வருடமாக அலமாரியில் இருக்கிறது, ஒரு கீறல் கிடையாது.

தங்கச்சிமடம் ஜெராக்ஸ்

பரமக்குடி அண்ணே, அட்டையை நகர்த்துவதற்கு நான் ஜெராக்ஸ் கடையிலேயே உட்கார்ந்திருப்பேன்.

லேத்து அண்ணா, அளந்துவிட்டேன். அடித்தட்டு 6 செ.மீ. வட்டம், 60 கிராம். கப்பல் தட்டிலிருந்து 18 செ.மீ. உயரம். அவ்வளவு உயரம் ஏன் என்றால், சின்னக் கப்பல்கள் அடியில் புகுந்து போக வேண்டும் என்று வைத்தது.

கணபதி லேத்து

அதுதான். 620 கிராம் 18 செ.மீ. உயரத்தில், 60 கிராம் தரையில். இரண்டும் சேர்ந்த எடைமையம் 16.4 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. தட்டின் பாதி அகலம் 3 செ.மீ. அப்படியானால் சுமார் 10 டிகிரி சாய்ந்தாலே கவிழ்ந்துவிடும். மேஜையை முழங்கையால் இடித்தாலே போதும்.

வழக்கமாக எல்லோரும் தட்டைப் பெரிதாக்குவார்கள். 12 செ.மீ. வட்டம், அதில் 800 கிராம் பாரம் என்று வைத்தால் எடைமையம் 7.9 செ.மீ.க்கு இறங்கும், 37 டிகிரி வரை தாங்கும். ஆனால் அவ்வளவு பெரிய தட்டு மேஜையில் மற்றக் கப்பல்களை இடிக்கும். நான் சொல்வது வேறு. உயரத்தைப் பாதியாக்குங்கள். 9 செ.மீ. உயரம், 9 செ.மீ. வட்டம், 400 கிராம் பாரம். எடைமையம் 6 செ.மீ.க்கும் கீழே வந்துவிடும், 39 டிகிரி வரை கவிழாது. பாதிப் பாரத்தில், சின்னத் தட்டில், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும்.

சின்னக் கப்பல்கள் அடியில் புக வேண்டும் என்றீர்களே, தலைகீழாக யோசியுங்கள். பெரியது தாழ இருக்கட்டும், சின்னவை மேலே பறக்கட்டும். 30 கிராம் கப்பலை 16 செ.மீ. கம்பியில் வைத்தால் யாருக்கும் ஆபத்தில்லை.

கம்பி எங்கே போட வேண்டும் என்பதும் முக்கியம். நீளத்தின் நடுவில் போடாதீர்கள். எஞ்சின் பக்கம் எப்போதும் கனம். கப்பலை ஒரு பென்சில்மேல் குறுக்காக வைத்து உருட்டிப் பாருங்கள், எந்த இடத்தில் இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதோ அங்கே குறி போடுங்கள். பெயின்ட் எல்லாம் அடித்து, உடைந்த ஆன்டெனாவையும் ஒட்டி முடித்த பிறகு இதைச் செய்ய வேண்டும். முன்னாடியே செய்துவிட்டு ஒரு செ.மீ. தள்ளிப்போய் நான் மண்டையை உடைத்துக்கொண்டது உண்டு.

கீழக்கரை காக்கா

தம்பி, நான் பக்கத்து ஊர்தான். ஷார்ஜாவில் 19 வருடம் இருந்தேன், அங்கே சேர்த்த கப்பல்கள் நூற்றுக்கு மேல். 1999இல் வந்த பேட்டில்ஃப்ளீட் காதிக் என்ற விண்கப்பல் விளையாட்டின் கப்பல்கள் நிறைய உண்டு. அதில் தூரத்தை எல்லாம் தண்டிலிருந்துதான் அளப்போம், அதனால் தண்டு எங்கே நிற்கிறதோ அதுதான் கப்பல் என்று எங்களுக்குப் பழகிவிட்டது. நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பென்சிலில் பார்த்த இடம் நடுவில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

உப்புக்காற்றில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பால்ரஸ் குண்டு சாதாரண எஃகு, நம் ஊரில் துருப்பிடிக்காமல் இருக்காது. துருப்பிடிக்காததாக வாங்குகிறேன் என்று 304, 316 ரகத்தில் குண்டு வாங்கினால் காந்தம் அதை ஒழுங்காகப் பிடிக்காது. கடைக்காரரிடம் காந்தத்தை நீட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நியோடிமியம் காந்தமும் லேசுப்பட்டதல்ல. மேலே பளபளப்பாக இருப்பது நிக்கல் பூச்சு. ஒரு சில்லு பெயர்ந்தால் போதும், உள்ளே ஊறி உப்பி உதிர்ந்துவிடும். ஒட்டும்போதே மேல் முகத்திலும் மெல்லிய எபாக்சி பூசிவிடுங்கள். பிடிப்பு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

கம்பிக்குப் பித்தளைதான். கடை தேடி அலைய வேண்டாம். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் இழுக்கும் ஏரியல் இருக்கிறதே, பெரும்பாலும் பித்தளைக் குழாய்தான், மேலே குரோமியம் பூச்சு. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகும். மெல்லிய துண்டு தண்டாகவும் தடித்த துண்டு கப்பலுக்குள் புதைக்கும் குழாயாகவும் ஆகிவிடும். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் செத்துப்போன ரேடியோ ஒன்றாவது இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் உங்கள் சோழகம். பழைய உலோகம் என்றால் ஒரு வெள்ளைத் தாளில் அடிப்பக்கத்தைத் தேய்த்துப் பாருங்கள். பென்சில் மாதிரி கோடு விழுந்தால் ஈயம் அதிகம். அதைப் பிளைவுட் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். மரத்திலிருந்தும் பசையிலிருந்தும் வரும் அமில ஆவி ஈயத்தைத் தின்னும், மேலே வெள்ளை மாவு பூக்கும். அந்த மாவு நஞ்சு, ஊதிவிடக் கூடாது. கண்ணாடி ஓரத்துக்குப் போடும் சிலிக்கானில் வினிகர் வாசம் அடிக்கும் ரகம் உண்டு, அதுவும் அப்படித்தான். ஷார்ஜாவில் நான் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை அந்த சிலிக்கான் போட்டு நானே ஒட்டினேன். 7 கப்பல் போயிற்று. இப்போது எல்லாம் பிளாஸ்டிக் டப்பாதான், பார்க்க நன்றாக இல்லை, ஆனால் கப்பல் இருக்கிறது.

தங்கச்சிமடம் ஜெராக்ஸ்

காக்கா, சோழகம் கோடு போட்டது. அன்றைக்கே பிளைவுட் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15இலிருந்து விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. மாமா வீட்டில்தான் இருக்கிறார். லேத்து அண்ணாவின் கணக்கை வாசித்துக் காட்டினேன். டிகிரி எல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. "பாரத்தை அடியில போடு, ஆளை மேல ஏத்தாதே. இதுக்கு ஒருத்தர் கோயமுத்தூர்ல இருந்து சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு, வலையில் கோக்கும் ஈயக்குண்டை ஒரு கை அள்ளிக் கொடுத்தார். அரைக் கிலோ இருக்கும். உருக்கி வார்க்கலாமா?

ரேடியோவும் கிடைத்தது, தாத்தாவுடையது. அம்மாவுக்குத் தெரியாமல் ஏரியலைக் கழற்றினேன்.

கணபதி லேத்து

வீட்டில் ஈயம் உருக்காதீர்கள், அதுவும் பையன் இருக்கும் வீட்டில். தேவையே இல்லை. 9 செ.மீ. வட்டத்தில் 400 கிராம் குண்டைப் பரப்பினால் ஒரு செ.மீ. உயரத்துக்குள் அடங்கிவிடும். ஒரு பிளாஸ்டிக் மூடியில் அடுக்கி, எபாக்சி ஊற்றி மூடுங்கள், ஈயம் கையில் படாது. அடுக்கிய பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊற்றுவதற்கு மெதுவாக இறுகும் எபாக்சி. 5 நிமிட ரகம் அவசரத்துக்குத்தான், பலம் குறைவு.

இனி இணைப்பு. காந்தத்தின் அட்டையில் 2 கிலோ தூக்கும் என்று போட்டிருப்பது தடித்த இரும்புத் தகட்டிலிருந்து நேராக இழுத்தால். பக்கவாட்டில் வழுக்குவதற்கு அதில் ஒரு சின்னப் பங்கே போதும். குண்டின்மேல் வைத்தால் தொடும் இடமே ஒரு புள்ளிதான். சின்னக் கப்பலுக்குக் குண்டு அழகு, 620 கிராமுக்கு ஆகாது. எடையைக் காந்தத்தின் தலையில் கட்டாதீர்கள். குழாய் சுமக்கட்டும், காந்தம் சும்மா பிடித்துக்கொண்டிருக்கட்டும்.

ஒரு தண்டு போதாது, இரண்டு வையுங்கள். 3 செ.மீ. இடைவெளி, கப்பலின் நீளவாக்கில், பென்சிலில் கண்ட புள்ளி இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். கப்பல் வயிற்றில் இரண்டு குழாய், ஒவ்வொன்றும் 2 செ.மீ. ஆழம். நடுவில் ஒரு காந்தம், அதற்கு நேரே ஸ்டாண்டில் தண்டுகளை இணைக்கும் குறுக்குத் துண்டில் இன்னொன்று. இரண்டு தண்டு இருப்பதால் ஃபேன் என்ன, புயலே அடித்தாலும் கப்பல் தனியாகத் திரும்பாது. உங்கள் மருமகனின் கோணப் பிழைப்பு முடிந்தது. எக்ஸ் விங் விளையாட்டில் வந்த பெரிய கப்பல்களும் நீளத் தட்டில் இரண்டு தண்டில்தான் நிற்கும்.

ஸ்டாண்டோடு சேர்த்து ஒரேயடியாக ஒட்டிவிடாதீர்கள். மேலிருந்து யாராவது இழுத்தால் கப்பல் மட்டும் கையோடு வர வேண்டும். எல்லாவற்றையும் கெட்டியாகக் கட்டினால் அடுத்த அடியில் ரெசின் கூடுதான் பிளக்கும்.

கூடு என்றதும் நினைவு வருகிறது. குழாய்க்குத் துளை போடும்போது உள்ளே பாருங்கள். ஒட்டுகிற மாதிரி ஈரம் இருந்தால் இறுகாத ரெசின் தங்கியிருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு ஆல்கஹால் விட்டு அலசி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் மூடுங்கள். அப்படியே அடைத்தால் கொஞ்ச மாதத்தில் மேலே விரிசல் விடும்.

பரமக்குடி பகடை

இரண்டு தண்டு, காந்தம், ஈயம். அட்டை டோக்கன் 1 ரூபாய்.

மதுரைக்கு நானும் வரலாமா?

தங்கச்சிமடம் ஜெராக்ஸ்

வாங்க அண்ணே, உங்கள் 60 செ.மீ. கப்பலோடு வந்தால்தான் கதவு திறக்கும்.

வேலை முடிந்தது. அதாவது மூன்று கப்பலுக்கு முடிந்தது. துளை போட்டபோது வாடையில் ஒன்றுமில்லை, கச்சானுக்குள் மட்டும் பசை மாதிரி ஒழுகியது. இரண்டு முறை அலசி ஒரு வாரம் காயவைத்தேன். ஏரியல் துண்டு இரண்டு கப்பலுக்குத்தான் வரும் என்பதால் சோழகத்துக்கு ஒற்றைத் தண்டு, அது குட்டை, 5 செ.மீ. அறுத்த முனைகளில் குரோமியம் போய்ப் பித்தளை தெரிகிறது, அங்கே ஏற்கனவே களிம்பு. அம்மா பார்த்துவிட்டுக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கப் போனார், ஓடிப்போய்த் தடுத்தேன். இப்போது மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பதாக ஏற்பாடு. ரேடியோவைப் பற்றி அம்மா இன்னும் கேட்கவில்லை.

அடித்தட்டின் ஓரத்தில் கடிகாரம் மாதிரி 12 கோடு போட்டுவிட்டேன். ஃபுல் த்ரஸ்டில் திரும்புவதே மணிக்கணக்கில்தான் என்பதால் இது ரொம்ப உதவி. நடுக்கோட்டை இரண்டு தண்டுக்கும் சரியாக நடுவில் எடுத்தேன். சோதனைக்கு ஃபேனை 5இல் வைத்து, மாடி ஜன்னல் இரண்டையும் திறந்துவிட்டு ஒரு ராத்திரி விட்டேன். வெளியே நல்ல கச்சான் காற்று. கச்சான் அசையவில்லை. மேலே நின்ற சின்னக் கப்பல் இரண்டு விழுந்தன, அவற்றுக்கு இன்னும் பாரம் போடவில்லை.

பஸ் விஷயத்துக்கு வழி இங்கேயே கிடந்தது. மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி. கப்பலின் நிழலை அட்டையில் வரைந்து, சூடு பண்ணிய கம்பியால் இன்னொரு தெர்மாகோல் துண்டில் குழி வெட்டினேன். கப்பலைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தால் கச்சிதமாக உட்காருகிறது. வெயில் சூடும் உள்ளே அவ்வளவாக ஏறாது. எனாமல் பெயின்ட் காயாமல் வைத்தால் தெர்மாகோலைத் தின்னும் என்று ஒரு மூலையில் கற்றுக்கொண்டேன், அது வேறு கதை. சின்னவற்றைத் தட்டோடு முறுக்கு டின்னில் வைக்கிறேன். தட்டடியில் காந்தம் இருப்பதால் டின்னைக் கவிழ்த்தாலும் விழவில்லை. பெட்டியை மூன்று முறை கழுவியாகிவிட்டது, மீன் வாசம் போகவில்லை. மதுரைக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கீழக்கரை காக்கா

நெத்திலி வாசமா, வஞ்சிரம் வாசமா? கொண்டல் என்ன ஆயிற்று?

தங்கச்சிமடம் ஜெராக்ஸ்

நெத்திலி, காக்கா.

கொண்டலை அக்கா மகன் எடுத்துக்கொண்டான். உருகின இடத்தில் எல்லாம் கறுப்பும் செம்பழுப்பும் பூசி, ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டு, சண்டையில் செத்த கப்பலாக ஆக்கிவிட்டான். மேஜை நடுவில் துணிமேல் அப்படியே கிடக்கும், அதன் பின்னால் ஒளிந்துகொண்டால் சுட முடியாது என்று எங்களுக்குள் ஒரு விதி. அதற்கு ஸ்டாண்டு வேண்டாம்.